பழைய மொய் நூற்றைம்பது

எங்கள் அச்சகத்து ஈய எழுத்துகளில் 'ஜ' மொத்தம் பதினேழுதான் இருந்தது. தமிழ்நாட்டில் கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பஸ் டிக்கெட் எல்லாவற்றுக்கும் பதினேழு 'ஜ' தாராளமாகப் போதும். ஜெயக்கொடி கல்வி அறநிலையத்தின் முதல் அழைப்பிதழுக்கு மட்டும் முப்பத்தொன்று தேவைப்பட்டது. முதலாளி ஆள் அனுப்பி இரண்டு சேர் 'ஜ' எடைபோட்டு வாங்கிவரச் செய்தார். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஊரில் எவனோ ஒரு ஏழை மாணவன் வசமாக மாட்டிக்கொள்ளப் போகிறான் என்று.

மாட்டினவன் பேர் நல்லகாமன். அவனை எப்படிக் கைதூக்கிவிட்டார்கள் என்பதை எழுத்து எழுத்தாகக் கோத்தவன் நான். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

அறநிலையத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் சிம்மக்கல் மொத்த வியாபாரிகள் நாற்பது பேர். பேர் கொடுத்தவர் ஜெயக்கொடி. வெல்ல மண்டி வைத்திருந்தார். நாற்பது பேரும் வருஷா வருஷம் ஆயிரம் ஆயிரமாகக் கொடுப்பார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஜெயக்கொடி இதை மேடையிலேயே பெருமையாகச் சொல்லுவார்.

"நாப்பது பேர் பணம் குடுத்துருக்காங்க. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தராவது என்ன செஞ்சேன்னு கேட்டிருப்பாங்களா? கேக்கல. அதுக்குப் பேர்தான் தர்மம்."

கூட்டம் கை தட்டும். கை தட்டுவதற்கு மண்டியிலிருந்து மூட்டை தூக்குகிறவர்களைக் கூட்டி வந்திருப்பார்கள். அவர்களுக்கு அன்றைக்கு அரை நாள் கூலி உண்டு.

செயலாளர் மொக்கைச்சாமி, தாசில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். தல்லாகுளத்தில் சொந்த வீடு. அதன் முன்னறைதான் ஆபீஸ். முப்பத்து நாலு வருஷம் அரசாங்க உத்தரவு எழுதியதில் மனிதருக்கு 'நான் சொல்கிறேன்' என்று ஒரு வாக்கியம் எழுத வராமல் போய்விட்டது. எல்லாமே 'சொல்லப்படுகிறது'தான். யார் சொன்னார், யாருக்குச் சொன்னார் என்பது எதிலும் இருக்காது. அவர் கொண்டுவரும் காகிதத்தைக் கோத்துக் கோத்து எனக்கு 'ப்படுகிறது' என்பதைத் தனியாக ஒரு கட்டாகக் கட்டி வைத்துக்கொள்ளலாமா என்று இருக்கும்.

1979 ஜூலையில் நேர்முகத் தேர்வு நடந்தது. அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கையில் வாட்ச் கட்டியிருந்தான். அது ஓடவில்லை என்று காதருகே வைத்துக் காட்டினான். ஓடாத வாட்ச்சையே வைத்திருக்க முடிகிறவனுக்கு உதவி எதற்கு என்று அனுப்பிவிட்டார்கள். அன்னக்கொடி என்று ஒரு பெண், கேட்ட கேள்விக்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னாள். ஏழைக்கு இம்புட்டு வாய் வராதே என்று ஜெயக்கொடி சந்தேகப்பட்டார். ஒருவன் சிரித்தபடி உள்ளே வந்தான். அவனை வாசலோடு திருப்பிவிட்டார்கள்.

கடைசியில் நல்லகாமன் வந்தான். உசிலம்பட்டிக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமம். பி.எஸ்ஸி. கணிதம் முதல் வருஷம், ஆஸ்டல் வாசம். சுவர் நெடுக ஒரே ஆளின் படம் இருபது மாட்டியிருந்த அறையை அவன் அதுவரை பார்த்ததில்லை. அப்பா பேர் என்ன என்று கேட்டார்கள். மறந்துவிட்டது. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது.

"இதுதான்யா வேணும்" என்றார் ஜெயக்கொடி.

இரண்டு ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதற்கு 'நன்றிப் பத்திரம்' என்று பேர். அதிலும் ஒரு ஷரத்தை நான் மறக்கவே மாட்டேன்: 'பெறப்பட்ட தொகை முழுவதும் திருப்பிச் செலுத்தப்பட்டாலொழிய, பயனாளி நன்றியிலிருந்து விடுவிக்கப்பட மாட்டார்.' விழாக்களுக்கு வராவிட்டால், 'மேற்படி மாணவர் நன்றி கெட்டவராக அறியப்படுகிறார்' என்று காலேஜ் முதல்வருக்குக் கடிதம் போகும் என்பது அடுத்த ஷரத்து.

உதவித்தொகை வருஷத்துக்கு நூற்றைம்பது ரூபாய். அதை ஒரே நாளில் கொடுத்துவிடுவதா என்று ஜெயக்கொடிக்குப் பெரிய யோசனை.

"நூத்தம்பதையும் மொத்தமாக் குடுத்துட்டா ஒரே நாள்ல மறந்துருவான். பத்துப் பத்தாக் குடுத்தா பதினஞ்சு தடவை நம்மளை நெனைப்பான். வெல்லத்தை மொத்தத்துல வித்தா என்ன லாபம்? சில்லறையில வித்தாத்தான லாபம்."

ஆக, பதினைந்து விழாக்கள் என்று தீர்மானம் ஆனது. ஒவ்வொரு விழாவுக்கும் மூன்று நாள். முதல் நாள் ஒத்திகை. இரண்டாம் நாள் விழா. மூன்றாம் நாள் நல்லகாமன் சிம்மக்கல் மண்டிக்குப் போய், ஜெயக்கொடி வியாபாரம் முடித்து நிமிரும்வரை நின்று, நேரில் நன்றி சொல்ல வேண்டும். விழாவை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை தலைவர் ஓய்வெடுக்கப்படுகிறார் என்று மொக்கைச்சாமி பதில் எழுதினார்.

நல்லகாமன் கணக்குப் பையன். ஆஸ்டலுக்குப் போனதும் நோட்டை எடுத்தான். வருஷத்தில் நூற்றெண்பது நாள் காலேஜ். நூற்றுக்கு எழுபத்தைந்து, அதாவது நூற்று முப்பத்தைந்து நாள் வகுப்பில் இருந்தாக வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் பரீட்சை எழுத விட மாட்டார்கள். வருஷம் போய்விடும். ஒரு வருஷம் போனால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்காரவைத்து ஆஸ்டல் மெஸ் பணம் கட்ட அவன் அப்பாவிடம் எதுவும் கிடையாது. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். லீவு போடக்கூடிய நாள் நாற்பத்தைந்து. பதினைந்து விழா, மூன்று மூன்று நாள், அதுவும் நாற்பத்தைந்து. இவ்வளவு அழகாகப் பொருந்துகிறதே என்று முதலில் சந்தோஷப்பட்டான். அப்புறம்தான் அந்த வருஷம் முழுவதும் தனக்குக் காய்ச்சல்கூட வரக்கூடாது என்பது புரிந்தது. அக்டோபரில் வந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பேர் கூப்பிடும்போது மட்டும் தலையை வெளியே நீட்டி "பிரசென்ட் சார்" என்பான்.

முதல் ஒத்திகை மொக்கைச்சாமி வீட்டு மாடியில் நடந்தது. தரையில் சாக்பீஸால் இரண்டு ஜோடிப் பாதம் வரைந்திருந்தார்கள்.

"நீ இதுல நில்லு. வாங்குற கை கீழே. குடுக்குற கை மேலே. உள்ளங்கை தெரியணும், மூடக்கூடாது. எங்கே, வாங்கு பாப்போம்."

வாங்கினான்.

"தப்பு. ஒன் கை மேலே போகுது. நீயா குடுக்கிறே? கீழே, கீழே. முழங்காலை மடக்கு. தலைவர் ஒன்னைவிடக் குட்டை, தெரியும்ல? மடக்கினாத்தான் கை கீழே வரும்."

கவர் கைக்கு வந்ததும் இருவரும் அப்படியே சிலையாக நின்று கேமராவைப் பார்க்க வேண்டும். போட்டோ எடுத்தாச்சு என்று பாய் சொல்லும்வரை கவரை ஜெயக்கொடி விட மாட்டார். பாய் என்றால் உமர் பாரூக். தெற்கு மாசி வீதிப் பக்கம் சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தவர். விழாப் படங்களை எடுத்து, அச்சடிக்க பிளாக் செய்ய எங்கள் அச்சகத்துக்குக் கொண்டுவருவார். எனக்கு விஷயமெல்லாம் வந்தது அவர் மூலமாகத்தான்.

நன்றியுரையை மொக்கைச்சாமியே எழுதிக் கொடுத்தார். 'என்னால் படிக்கப்படும் படிப்பு தலைவரால் படிக்க வைக்கப்பட்டுக்கொண்டிருக்கப்படுகிறது' என்று அது ஆரம்பிக்கும். இந்த இடத்தில் நல்லகாமனுக்கு மூச்சு வாங்கும். கூட்டம் அழுகிறான் என்று நினைத்துக்கொள்ளும்.

முதல் விழா ஜெயக்கொடியின் பிறந்த நாள். பயனாளியின் தகப்பனும் மேடையில் இருக்க வேண்டும் என்று ஷரத்து. நல்லகாமனின் அப்பா காசிமாயன் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். இந்த விழாவுக்கென்றே கடனுக்கு எடுத்துத் தைத்த வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. மொக்கைச்சாமி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சட்டை எதுக்கு? கழட்டு. துண்டு போதும்."

காசிமாயன் அந்தக் கஞ்சிச் சட்டையைக் கழற்றி, நாலாக மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு மேடையில் நின்றார். நின்றபடியே சுற்றிலும் நன்றாகப் பார்த்தார். பந்தல் இருந்தது. மைக்செட் பாடியது. மேஜை, மேஜைமேல் நோட்டு, நோட்டில் ஒருவர் எழுதினார். பேர் சொல்லி, ஊர் சொல்லி, ரூபாய் இவ்வளவு என்று மைக்கில் வாசித்தார்கள். கையில் கவர் கொடுத்தார்கள். காசிமாயனுக்கு இதெல்லாம் புதிதில்லை.

உசிலம்பட்டிச் சீமையில் விசேஷ வீடென்றால் மொய் உண்டு. யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டில் எழுதி மைக்கில் வாசிப்பார்கள். வாங்கினவர், செய்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். பழையதைத் திருப்பி, மேலே புதிதாகக் கொஞ்சம் சேர்த்துச் செய்தால் உறவு நீளும். வாங்கினதை மட்டும் அப்படியே வைத்துவிட்டு, கூட ஒரு ரூபாய்கூடச் சேர்க்காமல் திரும்பினால், உங்களுக்கும் எங்களுக்கும் இனி ஒன்றுமில்லை என்று அர்த்தம். அதைவிடப் பெரிய அவமரியாதை அந்தப் பக்கம் கிடையாது.

பஸ் ஸ்டாண்டில் மகனிடம் கேட்டார்.

"எலே, யாருக்குக் காதுகுத்து?"

"காதுகுத்து இல்லய்யா. ஸ்காலர்சிப்பு."

"அப்படின்னா?"

"படிக்கிறதுக்குப் பணம் குடுக்குறது."

"திருப்பிக் கேக்க மாட்டாகளா?"

"மாட்டாக."

"பேரு ஊரு சொல்லி மைக்குல வாசிச்சு, நோட்டுல எழுதி, போட்டாவும் புடிச்சு வச்சுக்கிட்டுத் திருப்பிக் கேக்காம இருக்க அவுகளுக்கென்ன கிறுக்கா? இது மொய்தாண்டா. ஏதோ இங்கிலீசுல பேரு வச்சிருக்காக. வீட்டுக்கு வந்து நோட்டுல எழுதி வையி."

அந்த வாரக் கடைசியில் நல்லகாமன் ஊருக்குப் போய் வீட்டு மொய் நோட்டில் எழுதினான்: 'ஜெயக்கொடி, சிம்மக்கல், பத்து.' அப்பாவுக்கு இதை விளக்குவதைவிட எழுதுவது சுலபமாக இருந்தது.

அப்புறம் விழாக்கள் வரிசையாக வந்தன. ஜெயக்கொடி நட்சத்திரப் பிறந்த நாள் என்று இன்னொன்று வைத்தார். மண்டிக்குப் புது லாரி வாங்கியதற்குப் பூஜை. எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறிய கையோடு நல்லகாமனுக்குப் பத்து ரூபாய். நவம்பரில் ஜெயக்கொடிக்குக் கண் ஆபரேஷன் ஆனது. கட்டுப் பிரித்ததும் தலைவர் முதலில் பார்க்கும் காட்சி தாம் உதவி வழங்கும் காட்சியாக இருக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு ஆசைப்பட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நல்லகாமன் முழங்காலை மடக்கிக்கொண்டு இருபது நிமிஷம் நின்றான். டாக்டர் கட்டைப் பிரித்தார். ஜெயக்கொடி கண்ணைத் திறந்தார்.

"கேமரா எங்கே?" என்றார்.

பத்தாவது விழாவை எப்படி நடத்துவது என்று ஆலோசிக்க ஒரு கூட்டம் போட்டார்கள். கூட்டம் நன்றாக அமைந்துவிட்டதால் அதையே ஒன்பதாவது விழாவாக அறிவித்தார்கள். பன்னிரண்டாவது விழா, இதுவரை பயனாளி நன்றி தெரிவித்ததற்கு அறநிலையம் நன்றி தெரிவிக்கும் விழா. அதற்கும் நல்லகாமன்தான் நன்றி சொன்னான்.

உமர் பாரூக் ஒருநாள் பிளாக்குக்குப் படம் கொடுக்க வந்தவர், ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்.

"அந்தப் பயலுக்குப் பத்து ரூவா குடுக்குறதுக்கு எனக்கு அறுபது ரூவா குடுக்கறாங்க, அண்ணே. மாலைக்கு நாப்பது. பந்தலு, மைக்கு, காப்பி, ஒங்க நோட்டீசு எல்லாம் சேத்தா எழுநூறைத் தாண்டுது. வாங்க எனக்கே கூச்சமா இருக்கு. வாங்காம இருக்கவும் முடியல, அஞ்சு பிள்ளைக. அல்லாதான் மன்னிக்கணும்."

நானும் சம்பளம் வாங்குகிறவன்தான். குனிந்து 'ஜ' தேடிக்கொண்டிருந்தேன்.

ஜனவரிக் கடைசியில் பதினைந்தாவது விழா முடிந்தது. நாற்பத்தைந்து நாள் சரியாகத் தீர்ந்தது. கிடைத்த பத்து ரூபாய்கள் அவ்வப்போது மெஸ் பாக்கிக்குப் போயிருந்தன. நல்லகாமன் நோட்டில் அடிக்கோடு போட்டு மூடினான். இனிமேல் ஒரு நாள்கூடத் தவறாமல் வகுப்புக்குப் போனால் போதும், ஏப்ரலில் பரீட்சை.

பிப்ரவரியில் பதினாறாவது கடிதம் வந்தது. 'தலைவரவர்களின் பெயர்த்தியின் காதணி விழாவில் வாசலில் நின்று பன்னீர் தெளிக்கத் தாங்கள் நியமிக்கப்பட்டுள்ளீர்கள். புதன் ஒத்திகை, வியாழன் விழா, வெள்ளி நேரில் நன்றி. ஏழை மாணவர் என்ற அட்டை கழுத்தில் தொங்கவிடப்படும்.' அந்த அட்டையையும் நான்தான் அச்சடித்தேன்.

நல்லகாமன் தல்லாகுளத்துக்கு ஓடினான்.

"சார், பதினஞ்சும் முடிஞ்சிருச்சு சார்."

"பணம் முடிஞ்சுது. நன்றி முடியுமா?" என்றார் மொக்கைச்சாமி.

"இன்னும் மூணு நாள் போனா அட்டெண்டன்ஸ் எழுபத்திமூணுக்கு வந்துரும் சார். பரீட்சை எழுத விட மாட்டாங்க. வருசம் போயிரும்."

மொக்கைச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போகட்டுமே தம்பி. அடுத்த வருசமும் நீ அதே வகுப்பில இருப்பே. அடுத்த வருசமும் ஏழை மாணவன். மறுபடி அறுபது பேரைக் கூப்பிட்டு ஆள் தேடுற அலைச்சல் நமக்கு மிச்சம். ஒத்திகையும் ஒனக்குப் பழகிப்போச்சு பாரு."

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

நல்லகாமன் காலேஜ் முதல்வரிடம் போனான். குறைகிற நாட்களை மன்னிக்க வழி உண்டா என்று கேட்டான். டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றார். சார், நான் உதவி வாங்கப் போனேன் என்றான். அந்தப் பேரில் வியாதி எதுவும் லிஸ்ட்டில் இல்லையேப்பா என்று அவர் வருத்தப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதான். காசிமாயன் மற்றதைக் காதில் வாங்கினாரோ இல்லையோ, ஒரு வார்த்தை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காதுகுத்தா? அப்படிச் சொல்லு. விசேஷம் வந்திருச்சுல்ல. இந்தா வரும் அந்தா வரும்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். நோட்டை எடு. மொத்தம் எம்புட்டு?"

"நூத்தம்பது."

"அதைத் திருப்பிட்டா ஒன்னை விட்ருவாகளா?"

நல்லகாமன் நன்றிப் பத்திரத்தின் நகலை எடுத்து, முழுத் தொகையும் திருப்பிச் செலுத்தினால் விடுதலை என்ற அந்த ஷரத்தை வாசித்துக் காட்டினான். காசிமாயனுக்கு அது புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் ஊர் வழக்கத்தைத்தான் எவனோ முத்திரைத்தாளில் எழுதி வைத்திருந்தான். செவ்வாய்க்கிழமை கிடாய் இரண்டையும் சந்தைக்கு ஓட்டிப் போனார். நூற்றைம்பத்தெட்டுக்குப் போனது. பஸ் சார்ஜ் போக மிச்சம் இருந்தது.

"கூட ஒரு அஞ்சு ரூவா வச்சுச் செய்யிங்க. மரியாதையா இருக்கும்" என்றார் அவர் மனைவி சீனியம்மாள்.

"வேணாம். மரியாதை பண்ணினா அவன் திரும்பச் செய்வான். திரும்ப நம்ம பய போயி முழங்காலை மடக்கணும். நாலு பேரு முன்னாடி என் சட்டையக் கழட்டச் சொன்னவனுக்கு அஞ்சு பைசாக் கூட வைக்க மாட்டேன்."

ஆறு மாசமாக அவர் அந்தச் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மனசுக்குள் எவ்வளவு வெந்திருந்தார் என்பது சீனியம்மாளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

புதன்கிழமை நல்லகாமன் ஒத்திகைக்குப் போகவில்லை. வியாழக்கிழமை மண்டபத்து வாசலில் ஏழை மாணவர் அட்டை தனியாக ஆணியில் தொங்கியது. அதன் கீழே பன்னீர்ச் செம்போடு மொக்கைச்சாமி நின்றார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு காசிமாயன் படியேறி வந்தார்.

"பையன் எங்கே?"

"கிளாசுக்குப் போயிருக்கான்."

"என்னது? நீ என்ன சட்டையோட வந்து நிக்கிறே?"

"விசேஷ வீட்டுக்குச் சட்டையில்லாமயா வருவாக" என்று சொல்லிவிட்டுக் காசிமாயன் உள்ளே போய்விட்டார்.

மொய் எழுத சுருளி என்று ஒருவரைக் கூலிக்குப் பிடித்திருந்தார்கள். அவரும் உசிலம்பட்டிக்காரர். மைக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஊரு, பேரு சொல்லுங்கண்ணே."

காசிமாயன் சொன்னார்.

"எம்புட்டு?"

"பழைய மொய் நூத்தம்பது."

"புதுசு?"

"இல்ல."

சுருளியின் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, ஒரு ரூவாயாவது வைங்க. மைக்குல வாசிக்கணும்ல."

"இல்லப்பா. சரிக்குச் சரி."

சுருளி குரலைத் தாழ்த்தினார். "ஒங்களுக்கும் இவுகளுக்கும் அப்படி என்னண்ணே ஆச்சு?"

"எம் மகனுக்கு உதவி செஞ்சாக" என்றார் காசிமாயன்.

சுருளி கவரை வாங்கக் கை நீட்டினார். காசிமாயன் கொடுக்கவில்லை. கையில் வாங்கினதைக் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மேடையைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே மைக் வாசித்தது.

"உசிலம்பட்டித் தாலுகா, காசிமாயன். பழைய மொய் நூற்றைம்பது. புது மொய் இல்லை. கணக்கு முடிந்தது."

பந்தியில் உசிலம்பட்டிப் பக்கத்து லாரி டிரைவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு மேடையைப் பார்த்தார்கள். அவர்களுக்கு மட்டும்தான் அது புரிந்தது. ஜெயக்கொடிக்குத் தன்னை நோக்கி ஒரு கவர் வருவதும், பக்கத்தில் உமர் பாரூக் கேமராவோடு நிற்பதும்தான் தெரிந்தது. பதினைந்து விழாவின் பழக்கம். உடனே கையை நீட்டி, முகத்தைக் கேமராவுக்குத் திருப்பி, சிரித்துவிட்டார். கவர் காசிமாயன் கையில் இருந்தது. காசிமாயன் நெடிய ஆள். அவருக்கு முழங்காலை மடக்கச் சொல்லிக்கொடுக்க மொக்கைச்சாமி பக்கத்தில் இல்லை. வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஜெயக்கொடியின் கை கீழே, உள்ளங்கை நன்றாகத் தெரிந்தது. காசிமாயன் கவரைப் பிடித்தபடியே கேட்டார்.

"பாய், எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுண்ணே" என்றார் உமர் பாரூக். காசிமாயன் கவரை விட்டார்.

ஜெயக்கொடி மைக்கை வாங்கினார்.

"பாருங்க. கோவணத்தோட வந்த ஆளு. நான் பத்துப் பத்தா உதவி செஞ்சேன். இன்னைக்கு எனக்கே மொய் செய்யிற அளவுக்கு வந்துட்டான். ஆறே மாசத்துல. இதுதான் நம்ம அறநிலையம்."

மூட்டை தூக்குகிறவர்கள் கை தட்டினார்கள். காசிமாயன் பந்தியில் உட்காரவில்லை. சாப்பிட்டுப் போங்கண்ணே என்று சுருளி கூப்பிட்டதற்கு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லி இறங்கிவிட்டார். உண்மையில் அவர் பஸ்ஸுக்குப் போகவில்லை. காலேஜ் வாசலில் போய் நின்றார். சாயங்காலம் மணி அடித்து மகன் வெளியே வந்ததும் கேட்டார்.

"எத்தனை நாளுல நிக்குது?"

"நாப்பத்தஞ்சுலேயே நிக்குதுய்யா."

"நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மகனைக் கூட்டிப்போய் இரண்டு புரோட்டா வாங்கிக் கொடுத்தார். கிடாய் விற்றதில் மிச்சம் இருந்தது.

அடுத்த வாரம் அறநிலையத்தின் தீர்மானம் அச்சுக்கு வந்தது. 'பயனாளியின் தகப்பனாரால் நூற்றைம்பது ரூபாய் மொய் செய்யப்பட்டதிலிருந்து மேற்படி குடும்பம் வசதியானது என்று அறியப்படுகிறது. உதவி ரத்து செய்யப்படுகிறது. நன்றிப் பத்திரம் திருப்பி அனுப்பப்படுகிறது.' மூன்று 'ப்படுகிறது'. என் வாழ்க்கையில் சந்தோஷமாகக் கோத்தது அந்த மூன்றைத்தான்.

அதற்கப்புறம் நல்லகாமன் ஒரு நாளும் தவறவில்லை. நூற்று முப்பத்தைந்து நாள் வருகை. பரீட்சை எழுதினான், எல்லாப் பேப்பரிலும் தேறினான். ஜூனில் ஆண்டறிக்கை அச்சேறியது. 'நம் உதவியால் வென்ற மாணவர்' என்று நாலு பக்கம். நடுப்பக்கப் படத்தை ஜெயக்கொடியே பொறுக்கி எடுத்தார். பதினாறு விழாப் படங்களையும் மேஜையில் பரப்பி, தம்முடைய முகம் எதில் நன்றாக விழுந்திருக்கிறது என்று மட்டும் பார்த்தார். காதுகுத்துப் படத்தில்தான் சிரிப்பு அழகாக இருந்தது. எல்லாப் படத்துக்கும் மொக்கைச்சாமி எழுதிவைத்திருந்த ஒரே வரிதான் அதற்கும். படத்தையும் வரியையும் உமர் பாரூக் என்னிடம் கொடுத்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் கோத்தேன்.

நல்லகாமன் அறிக்கையை வாங்கிப் போக அச்சகத்துக்கு வந்தான். காசிமாயனும் கூட வந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை. படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மேலே இருந்த தன் கையைப் பார்த்தார். கீழே விரிந்திருந்த கையைப் பார்த்தார்.

"அடியில என்ன எழுதிருக்கு? வாசி."

"'ஏழைக்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது.'"

காசிமாயன் தலையை ஆட்டினார்.

"சரியாத்தான போட்ருக்காக" என்றார்.